இஞ்சினியரிங் படிச்சிட்டு வேற தொழிலுக்குப் போகப்போறீங்களோ? முதல்ல ஒரு போகம் நிண்டு பாருங்கோ

நான் சிவில் இஞ்சினியரிங் முடிச்சனான். இப்ப கிளிநொச்சியில நெல்லு அவிச்சுக் குத்தி அரிசி விக்கிறன். இதைக் கேட்டவுடன கொஞ்சப்பேர் "பாவம், வேலை கிடைக்கேல்லப் போல" எண்டு பாப்பினம், கொஞ்சப்பேர் நான் ஏதோ பெரிய புரட்சி செய்துபோட்டன் எண்ட மாதிரிக் கதைப்பினம். ரெண்டு பேருக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. ஆனா மாசத்தில ரெண்டு மூண்டு தம்பி தங்கச்சியவை போன் எடுத்து "அக்கா நானும் விடப்போறன், என்ன செய்யிறது" எண்டு கேக்கேக்க மட்டும் அலுப்பு வாறேல்ல, ஏனெண்டா நான் கேக்க ஒருத்தரும் இல்லாமத்தான் கன பிழை விட்டனான். அதான் இதை எழுதுறன்.

முதல்லயே ஒண்டு சொல்லிப்போடுறன். கிரிக்கெட்டில கும்ப்ளே மெக்கானிக்கல் இஞ்சினியர், அஸ்வின் ஐரி படிச்சவர் எண்டு போஸ்ட் போடுவினம் எல்லோ, அந்தக் கதையள் எங்களுக்கு ஒரு உதவியும் இல்லை. அவை கம்பஸ் போக முதலே பந்து போடத் தெரிஞ்ச ஆக்கள். நானும் நீங்களும் ஏஎல் (உயர்தர) கம்பயின்ட் மட்ஸ் தவிர வேற ஒண்டும் தெரியாம இருபத்தைஞ்சு வயசு வரைக்கும் வளர்ந்தனாங்கள். எங்கட கணக்கு வேற.

ஏன் விடுறீங்கள்? கொப்பியில எழுதுங்கோ

போனில இல்லை, கொப்பியில. நான் சொல்லுறது விசர்க்கதை மாதிரி இருக்கும், ஆனா செய்யுங்கோ. வேலையில எது எது பிடிக்கேல்ல எண்டு ஒவ்வொண்டா எழுதிப்போட்டு, ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில "இது வேலையால வந்ததோ, இல்லாட்டி இந்த முதலாளியால வந்ததோ" எண்டு போடுங்கோ.

நான் கிளிநொச்சி அறிவியல் நகர்ல படிச்சனான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடம் 2014ல அங்க தொடங்கினது, நான் அடுத்த வருசம் உள்ள போனன். வெளிய வந்தவுடன கொரோனா. ஒரு மாதிரி 2020 கடைசியில ஒரு கொன்ராக்ட் கொம்பனியில சேர்ந்து றோட்டு வேலை, பிறகு ஒரு பில்டிங் சைற். 2022ல நாடு கடனைக் கட்டேலாது எண்டு சொன்ன பிறகு சீமெந்து, கம்பி எல்லாம் நினைச்சுப் பாக்கேலாத விலைக்குப் போச்சு, சைற் நிண்டுபோச்சு, சம்பளம் மூண்டு மாசம் பிந்தி வந்தது, வருசக் கடைசியில பாதிச் சம்பளத்தில வீட்டில இருங்கோ எண்டு சொல்லிச்சினம். அந்த நேரம் நான் "எனக்கு இஞ்சினியரிங்கே வெறுத்துப்போச்சு" எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். பிறகு கொப்பியில எழுதிப் பாத்தா பதினொரு விசயத்தில எட்டு அந்தக் கொம்பனியால வந்தது. சம்பளம் ஒழுங்கா வந்திருந்தா இண்டைக்கும் நான் வெயிலுக்க லெவல் பிடிச்சுக்கொண்டு நிண்டிருப்பன், அது உண்மை. மிச்ச மூண்டும்தான் நான் வெளிய வந்ததுக்கான காரணம், அதில ஒண்டு நான் கட்டினதை ஒருநாளும் நான் பாவிக்கிறேல்ல எண்டது.

எல்லாமே முதலாளியால வந்ததெண்டா உங்களுக்கு வேணுமானது வேற கொம்பனி. தொழில் மாத்தத் தேவையில்லை. இதோட வாசிக்கிறதை நிப்பாட்டிப்போட்டு சிவியை அப்டேற் பண்ணுங்கோ.

எங்க போகலாம்?

என்ர பச்சிலயும் அதுக்குப் பின்னால வந்த பச்சுகளிலயும் போன ஆக்களை வச்சே சொல்லுறன். ஒருத்தன் துணுக்காய்ப் பக்கம் ஏஎல் பிள்ளையளுக்கு மட்ஸ் படிப்பிக்கிறான், வன்னிப் பள்ளிக்கூடங்களில மட்ஸ், பிசிக்ஸுக்கு ஆள் இல்லை எண்டது எப்பவும் கதைக்கிற கதைதானே, அதால அவனுக்கு ரியூசன் கொட்டிலில இருக்க இடமில்லை. இன்னொருத்தி நிர்வாக சேவைச் சோதினை எழுதி எடுபட்டாள். இதில நினைப்பிருக்கிற ஆக்கள் வயசைப் பாருங்கோ, திறந்த போட்டிப் பரீட்சைக்கு வயசு எல்லை இருக்கு, எந்தப் பட்டமெண்டாலும் பரவாயில்லை, ஆனா கெசற்றில திகதி போட்டு வயசு கேப்பினம், ரெண்டு கிழமை பிந்தினதால விண்ணப்பிக்கேலாமப் போன ஒருத்தியை எனக்குத் தெரியும். மெக்கானிக்கல் படிச்ச ஒருத்தன் முல்லைத்தீவுக் கரையில வள்ளங்களுக்கு அவுட்போர்ட் எஞ்சின் திருத்திறான். கலியாண வீட்டு வீடியோ எடுக்கிறவன் ஒருத்தன், அவன்ர ட்ரோனைச் சிவில் ஏவியேசனில பதியாமப் பறக்கவிட்டு அலைஞ்சது தனிக்கதை. வவுனியாவில வீட்டில இருந்துகொண்டே சொப்ட்வெயார் ரெஸ்ற்றிங் செய்யிற பெட்டையள் மூண்டு பேர்.

இதில எது நல்லது எண்டு என்னைக் கேக்காதேங்கோ. நான் சொல்லக்கூடியது ஒண்டுதான், உங்கட வீட்டில, ஊரில, சொந்தத்துக்க ஏற்கெனவே ஆரோ செய்யிற தொழிலாப் பாருங்கோ. எங்கட வீட்டில வயல் இருக்கு, அப்பாச்சி நெல்லு அவிக்கேக்க நான் அடுப்புக்கு உமி தள்ளின ஆள், மூக்குக்கு அந்த மணம் தெரியும். யூரியூப்பில பாத்திட்டுக் காளான் போட்ட ரெண்டு பேரை எனக்குத் தெரியும், அவை இப்ப திருப்பி சைற்றில.

ஒரு போகம் நிக்கிறது எண்டா என்ன?

இதுதான் முக்கியம், இதை மட்டும் வாசிச்சிட்டுப் போனாலும் காணும்.

றிசைன் லெற்றர் குடுக்க முதல், போகப்போற தொழிலில ஒரு முழுப் போகம் கையாளா நில்லுங்கோ. நெல்லுக்கு எண்டா ஐப்பசி கார்த்திகையில விதைச்சு மாசி பங்குனியில வெட்டிக் குத்தி வித்து முடியிற வரைக்கும். கடல் எண்டா அதுக்கு ஒரு பருவம் இருக்கு, பள்ளிக்கூடம் எண்டா ஒரு தவணை, கலியாண வீடியோ எண்டா தை தொடங்கி ஆனி வரைக்கும். ஒவ்வொரு தொழிலுக்கும் காசு வாற மாசம் இருக்கு, ஈயோட்டுற மாசம் இருக்கு. காசு வாற மாசத்தை மட்டும் பாத்திட்டு இறங்கினா ஈயோட்டுற மாசத்தில நாங்கள் கவிண்டுபோவம். வேலை செய்துகொண்டே சனி ஞாயிறிலயும் லீவு போட்டும் நிக்கலாம். எனக்கு அந்தப் பாதிச் சம்பள வீட்டிருப்பு வசதியாப் போச்சு, 2023 காலபோகம் (மாரி நெல்லுப் போகம்) முழுக்க உருத்திரபுரம் பக்கம் ஒரு பழைய மில்லில நிண்டனான்.

மில்லுக்கார ஐயாவுக்கு அறுபதுக்கு மேல வயசு. நான் போய் "ஐயா நான் கம்பஸ் முடிச்சனான், பழகவேணும்" எண்டு சொல்ல, அவர் தலையை நிமித்தாமலே, "பிள்ளை, அந்த விளக்குமாத்தை எடுத்துத் தளத்தைக் கூட்டு" எண்டார். பன்ரெண்டு நாள் கூட்டினனான். பதின்மூண்டாம் நாள்தான் நெல்லில கை வைக்க விட்டவர்.

அந்தப் பன்ரெண்டு நாளும் எனக்கு உள்ளுக்க புகைஞ்சுகொண்டுதான் இருந்தது. கம்பஸுக்கு எடுபட இசட் ஸ்கோர் எடுத்து, நாலு வருசம் படிச்சு, கடைசியில விளக்குமாறோ எண்டு. ஆனா கூட்டேக்கதான் தளத்தில எந்த மூலையில தண்ணி நிக்குது, எந்த இடம் பின்னேரமும் சுடுது, நெல்லு எங்க பிந்திக் காயுது எண்டு கண்ணுக்குப் பட்டது. பிறகு நான் என்ர தளம் போடேக்க 100 அடிக்கு 1 அடி சரிவு குடுத்து, வெடிக்காம இருக்கத் துண்டு துண்டாப் பிரிச்சுப் போட்டது அந்தக் கூட்டலால வந்த யோசினைதான். அடுத்த போகம் ஐயாவே வந்து பாத்திட்டு, "இது நல்லாத்தான் இருக்கு" எண்டார், அதுக்கு மேல அவர் ஒருத்தரையும் புகழுறேல்ல.

ஈரப்பதன் கதை

படிச்ச ஆக்கள் எப்பிடிப் பிழை விடுவம் எண்டதுக்கு என்ர கதையை விட நல்ல உதாரணம் கிடையாது, அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

அவிச்ச நெல்லைக் காய வைச்சு, கிட்டத்தட்ட 14 வீத ஈரத்துக்கு வந்த பிறகுதான் குத்தவேணும். ஈரம் கூடினா உரலுக்க மசியும், குறைஞ்சா அரிசி உடைஞ்சு குறுணல் ஆகும். ஐயா இதைப் பாக்கிறது பல்லால, ரெண்டு மணியை எடுத்துக் கடிப்பார், சத்தத்தை வச்சுச் சொல்லுவார். எனக்குச் சிரிப்பு. நான் சொயில் மெக்கானிக்ஸ் (மண்ணைப் பற்றின பாடம்) படிச்ச ஆள், யாழ்ப்பாணத்துத் துரைராஜா சேர் கேம்பிரிட்ஜில ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆக்களோட சேர்ந்து களிமண்ணைப் பற்றி 1963ல எழுதின ஆராய்ச்சியை லெக்சரில கேட்டு நெஞ்சை நிமித்தின ஆள், எனக்கு ஈரப்பதன் அளக்கத் தெரியாதோ?

வீட்டில கேக் சுடுற 'அவனில' (oven) 105 பாகை வச்சு, அரைச்ச நெல்லை வச்சு, தராசில நிறுத்து, முதல் நிறை, காஞ்ச நிறை, வித்தியாசத்தைக் காஞ்ச நிறையால பிரிச்சு, நூறால பெருக்கி எல்லாம் முறையாச் செய்தன். 16க்குக் கிட்ட வந்தது. ஐயா கடிச்சுப்போட்டு, "இது காஞ்சிட்டுது பிள்ளை, அள்ளு" எண்டார். நான், "இல்லை ஐயா, இன்னும் ரெண்டு வீதம் இருக்கு" எண்டு விடாப்பிடியா நிண்டன். எங்கட வயல் மொட்டைக்கறுப்பன் நெல்லு, அதால அவர், "உன்ர நெல்லுத்தானே, உன்ர விருப்பம்" எண்டு போய்ட்டார்.

குத்தினா பாதி குறுணல்.

இரவு முழுக்க இருந்து தேடின பிறகுதான் விளங்கினது. மண்ணுக்கு ஈரப்பதன் பாக்கிறது காஞ்ச நிறையை வச்சு. தானியத்துக்குப் பாக்கிறது மொத்த நிறையை வச்சு. நெல்லு வியாபாரத்தில 14 எண்டு சொல்லுறது, நாங்கள் லாப்பில படிச்ச முறையில 16.3. அதாவது என்ர 16 வந்த நேரமே நெல்லு சரியாக் காஞ்சிட்டுது, ஐயாவின்ர பல்லும் அதைத்தான் சொன்னது. நான் என்ர கணக்கில 14 வரைக்கும் காய விட்டதால உண்மையில 12.3க்குப் போட்டுது. உடைஞ்சது ஒரு பக்கம், நிறையிலயும் நட்டம், 14 வீதத்தில 1000 கிலோ நிக்கவேண்டிய நெல்லு 980 கிலோவா வந்து நிண்டது. 20 கிலோ தண்ணியை வெயிலுக்குத் தானம் குடுத்திருக்கிறன்.

கணக்கு முழுக்கச் சரி, கேள்விதான் வேற. இது உங்களுக்கும் நடக்கும், எந்தத் தொழிலுக்குப் போனாலும். எங்கட சொல்லும் அவையின்ர சொல்லும் ஒண்டு மாதிரி இருக்கும், அளவு வேறயா இருக்கும். அதால முதல் போகம் அளக்கிறதை அளவுங்கோ, எழுதி வையுங்கோ, ஆனா முடிவை அந்தத் தொழிலில கிடக்கிற ஆளிட்ட விடுங்கோ.

மறுபக்கமும் இருக்கு, அதையும் சொல்லவேணும், இல்லாட்டி ஐயாவைக் கடவுளாக்கின மாதிரிப் போயிடும். அவர் பச்சைத்தண்ணியில ரெண்டு நாள் ஊற விடுவார், அரிசியில ஒரு புளிச்ச மணம் வரும், "புழுங்கல் எண்டா மணக்கும்தான்" எண்டுவார். நான் 65, 70 பாகைச் சுடுதண்ணியில நாலைஞ்சு மணித்தியாலம் ஊறப்போட்டுக் காட்டினன், மணம் இல்லை. அவர் சோறு சாப்பிட்டுப் பாத்திட்டு ஒண்டும் சொல்லேல்ல, ஆனா அடுத்த கிழமை என்ர தேமாமீற்றரைக் கேட்டு வாங்கினவர்.

காசுக் கணக்கு

இதில இஞ்சினியர்மாரே சறுக்குறது எனக்கு இப்பவும் ஆச்சரியம். நெல்லு கிலோ 100 ரூபா, அரிசி கிலோ 150 ரூபா எண்டு வையுங்கோ (விலை ஒவ்வொரு போகமும் மாறும், இது கணக்குக்கு மட்டும்). "அம்பது ரூபா லாபம்" எண்டு என்ர மச்சான் சொன்னவன். 100 கிலோ நெல்லில உமி கிட்டத்தட்ட 22 கிலோ, தவிடு பத்துக் கிலோ போனா அரிசி 68 கிலோ வரும். 100ஐ 0.68ஆல பிரிச்சா 147. உங்கட அம்பது ரூபா மூண்டு ரூபாவாப் போட்டுது. பழைய மில்லில 65தான் வரும், அப்ப 154, குத்த முதலே நட்டம். இதுக்கு மேல கூலி, கரண்ட், சாக்கு. தவிட்டை மாட்டுக்காரருக்கு விக்கிறதும் உமியையே அடுப்புக்கு எரிக்கிறதும்தான் கணக்கை நிமித்துறது. நான் சம்பாதிக்கிறது சாதாரண அரிசியில இல்லை, மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் மாதிரி ஊர் நெல்லைக் குத்தி, சின்னப் பையில போட்டு, கொழும்பிலயும் வெளிநாட்டிலயும் இருக்கிற எங்கட ஆக்களுக்குக் குடுக்கிறதிலதான்.

கணக்கில உங்கட சம்பளத்தையும் போடுங்கோ. போடாம "லாபம் வருது" எண்டு சொல்லிக்கொண்டிருந்தா நீங்கள் உங்களையே சும்மா வேலைக்கு வச்சிருக்கிறீங்கள்.

கடன் விசயத்தில நான் கொஞ்சம் கடுமையான ஆள். நெல்லை மாசி பங்குனியில மலிவா வாங்கி ஐப்பசி வரைக்கும் வச்சு விக்கிற தொழிலில காசு ஏழெட்டு மாசம் சாக்குக்குள்ள கிடக்கும். கிழமைக்குக் கிழமை கட்டுற நுண்கடனை எடுத்து இதுக்குப் போட்டா என்ன நடக்கும்? வன்னியில அந்தக் கடனால பட்டுப்போன குடும்பங்களை நான் புதுசாச் சொல்லத் தேவையில்லை, திங்கக்கிழமை கடன்காரன் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டாப் படலையைச் சாத்துற வீடுகள் எங்கட ஒழுங்கையிலயே இருந்தது. கடன் எடுக்கவேணுமெண்டா போகத்துக்கு ஒருக்காக் கட்டுற மாதிரி வங்கியோட, இல்லாட்டிக் கூட்டுறவுச் சங்கத்தோட கதையுங்கோ. அம்மாவின்ர தாலிக்கொடியை அடகு வைக்காதேங்கோ. ஒரு போகத்துக்கு வீட்டுச் செலவு கையில இருக்கவேணும், அது சேரும் வரைக்கும் வேலையை விடாதேங்கோ.

வேலையை விடேக்க

அப்பொயின்ற்மென்ற் லெற்றரை எடுத்து நோட்டிஸ் எத்தினை நாள், பொண்ட் ஏதும் இருக்கோ எண்டு வாசியுங்கோ. சேவைச் சான்றிதழை விடுற அண்டைக்கே வாங்குங்கோ, பிறகு அலைய விடுவினம்.

ஈபிஎவ்க்கு (ஊழியர் சேமலாப நிதி) உங்கட சம்பளத்தில 8 வீதமும் முதலாளியின்ர பக்கத்தால 12 வீதமும், ஈரிஎவ்க்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) முதலாளி 3 வீதமும் கட்டவேணும். கட்டினதோ எண்டு விட முதல் பாருங்கோ. நான் வேலை செய்த இடத்தில பேசீற்றில கழிச்சுப்போட்டு ஏழு மாசம் கட்டேல்ல, தொழில் திணைக்களத்துக்கு எழுதிக் குடுத்த பிறகுதான் அசைஞ்சவை. ஈபிஎவ் காசை நம்பி மெசின் வாங்கலாம் எண்டு நினைக்காதேங்கோ, ஆம்பிளையளுக்கு 55, பொம்பிளையளுக்கு 50 வயசு வரவேணும். பொம்பிளையள் கலியாணத்தால வேலையை விட்டா முதலே எடுக்கலாம். மில் தொடங்கிறதால விட்டா எடுக்கேலாது. சட்டம் போட்ட ஆக்கள் என்ர அம்மா மாதிரித்தான் யோசிச்சிருக்கினம்.

அஞ்சு வருசம் முடிச்சா, பதினைஞ்சு பேருக்குக் குறையாம வேலை செய்யிற இடமெண்டா, வருசத்துக்கு அரை மாசச் சம்பளப்படி பணிக்கொடை வரும். நாலு வருசமும் பத்து மாசமும் எண்டு நிக்கிற ஆக்கள் கோவத்தில லெற்றரைக் குடுக்காம ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சுக்கொண்டிருங்கோ.

ஐஈஎஸ்எல் (இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம்) மெம்பர்ஷிப் இருந்தா விடாதேங்கோ. 2017ல வந்த பொறியியல் பேரவைச் சட்டத்துக்குப் பிறகு இஞ்சினியர் எண்டு தொழில் செய்யப் பதிவு வேணும், விட்டுப்போட்டுத் திரும்பி வாறது அலைச்சல். எனக்கு முதல் வருசம் சோறு போட்டதே பழைய தொழில்தான், பின்னேரத்தில ஊராக்களுக்கு வீட்டுப் பிளான் கீறி, பிஓகியூ (வேலை, சாமான் அளவுப் பட்டியல்) போட்டுக் குடுத்தனான். மில் படுத்த ஆவணி மாசம் ரெண்டு பிளான்தான் கரண்ட் பில் கட்டினது.

வீட்டில சொல்லுறது

இதுக்கு எனக்கு முறை ஒண்டும் தெரியாது, உண்மையச் சொன்னா. அப்பா ரெண்டு கிழமை கதைக்கேல்ல. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்த மாமி, "பிள்ளைக்குக் கொழும்பில வேலை சரிவரேல்லையோ" எண்டு கோயில் வீதியில வச்சு எல்லாருக்கும் கேக்கத்தக்கதாக் கேட்டவ. கலியாணம் பேச வந்த ரெண்டு இடம் அப்பிடியே போட்டுது. அம்மா இப்பவும் ஆரும் கேட்டா, "பிள்ளை இஞ்சினியர், மில்லையும் ஒருக்காப் பாக்கிறா" எண்டுதான் சொல்லுறவ, நான் திருத்திறேல்ல.

ஒண்டு மட்டும் உதவினது. நான் விடப்போறன் எண்டு சொல்லாம, போகம் முடிஞ்ச பிறகு கணக்குக் கொப்பியை அப்பாவிட்டக் குடுத்தனான், குறுணல் நட்டம் உட்பட. அவர் கமக்காரன், கணக்கை வாசிச்சார், ரெண்டு நாள் கழிச்சு, "உமிக்கு விலை போடேல்ல நீ" எண்டார். அதுதான் அனுமதி.

பதிவு, பேப்பர் வேலை

சின்ன அளவில தனிய தொடங்கிறதெண்டா கொம்பனி பதியத் தேவையில்லை, ஜிஎஸ்ஸிட்ட (கிராம சேவகர்) கடிதம் எடுத்து டிஎஸ் ஒப்பிஸ் (பிரதேச செயலகம்) வழியா வியாபாரப் பெயர் பதியலாம். பிறகு பிரதேச சபை லைசென்ஸ். சாப்பாட்டுச் சாமான் எண்டா பிஎச்ஐ (சுகாதாரப் பரிசோதகர்) வந்து பாப்பார், பயப்பிடாதேங்கோ, தளம் போட முதலே அவரைக் கூப்பிட்டுக் காட்டினா பிறகு இடிக்கிற வேலை வராது. பாங்க் கணக்குக்கும் வேற அலுவல்களுக்கும் ரின் நம்பர் (வரி இலக்கம்) கேப்பினம், எடுத்து வையுங்கோ. மில்லுக்குத் திறீ பேஸ் கரண்ட் வேணும், அதுக்கு விண்ணப்பிச்சிட்டு மெசினுக்கு அட்வான்ஸ் குடுங்கோ, நான் மாறிச் செய்து மெசின் மூண்டு மாசம் தறப்பாளுக்க கிடந்தது.

நெல்லு ஊறவைச்ச தண்ணியை மறந்துபோகாதேங்கோ. ரெண்டு நாளில நாறும். பீஓடி (தண்ணியில அழுக்கு எவ்வளவு எண்டு காட்டுற அளவு) எண்டு என்விரோன்மென்ற் பாடத்தில பாடமாக்கினதை நான் முதல்முதல் மணந்து பாத்தது என்ர மில்லுக்குப் பின்னாலதான். பக்கத்து வளவு அன்ரி பிரதேச சபைக்குப் போக முதல் வடிகட்டுற குழி வெட்டிப்போட்டன்.

பழகிறதுக்கு இடம் தேடிற ஆக்களுக்கு: அறிவியல் நகரிலயே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கு, கைவேலையோட படிப்பிக்கினம். அநுராதபுரத்தில அறுவடைக்குப் பிந்தின தொழில்நுட்பத்துக்கெண்டே அரசாங்க நிறுவனம் இருக்கு, தானியம் சம்பந்தப்பட்ட ஆக்கள் கட்டாயம் ஒருக்காப் போகவேணும். கம்பஸில இப்ப இருக்கிற பிள்ளையள், உங்களுக்குப் பக்கத்திலயே விவசாய பீடம் கிடக்கு. நான் நாலு வருசத்தில ஒரு நாளும் எட்டிப் பாக்கேல்ல. அங்க ஒரு லெக்சரரிட்ட அஞ்சு நிமிசம் கதைச்சிருந்தா அந்த ஈரப்பதன் விசயம் அப்பவே தெரிஞ்சிருக்கும்.

நெல்லுப் பக்கம் வர நினைக்கிற ஆக்கள் மாசி மாசம் வாங்கோ, தை முடிய இரணைமடுக் குளத்துக்குக் கீழ வெட்டுத் தொடங்கினா மில் இரவு பகலா ஓடும், நிக்கிறதுக்கு ஆள் தேவை. பழைய செருப்பு, முகத்துக்குக் கட்ட ஒரு துணி, முழுக்கைச் சேட்டு கொண்டு வாங்கோ, நெல்லுச் சுணை பட்டா மூண்டு நாள் கடிக்கும். விளக்குமாறு இங்க இருக்கு.